இசக்கி இறங்காத மாசி

கொற்றன்விளை ராணுவப் பயிற்சிக் கழகத்தின் பாராசூட் அணியில் இருந்த கேடட் இசக்கியம்மாள், தை மாசக் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை மற்றவர்களோடு விமானத்திலிருந்து குதித்து, மற்றவர்களைப் போலவே குடையை விரித்து, மற்றவர்களைப் போலவே மைதானத்தைப் பார்த்து இறங்கி வந்து, மூன்று பனை உயரத்தில் நின்றுபோனாள். குடை எதிலும் மாட்டவில்லை. மாட்டுவதற்கு அங்கே காற்றைத் தவிர ஒன்றும் இல்லை, அந்தக் காற்றும் அன்றைக்கு லீவில் இருந்தது.

கீழே சுபேதார் எட்வின் செல்லத்துரை நின்றிருந்தார். அணியின் பயிற்சியாளர், நாகர்கோவில்காரர், கழுத்தில் மெகாபோனைத் தொங்கவிட்டுக்கொண்டு தூங்குகிறவர் என்று பேர் வாங்கியவர். மைதானத்தின் நடுவில் சாப்பாட்டுத் தட்டளவு மஞ்சள் வட்டம் ஒன்று வைத்திருப்பார்கள். மேலேயிருந்து வருகிறவர்கள் அதில் குதிங்காலைப் பதிக்க வேண்டும். இசக்கி சரியாக அந்த வட்டத்தை நோக்கி வந்துகொண்டிருந்த சமயம், எங்கள் ஊர் ஆடு ஒன்று வேலிக்குள் புகுந்து வட்டத்தை நக்கப் போனது. சுபேதார் ஆட்டைப் பார்த்து, "லேய்! நில்லு! அங்கேயே நில்லு!" என்று மெகாபோனில் கத்தினார். ஆடு நிற்கவில்லை. இசக்கி நின்றாள்.

"நில்லுன்னீங்க, நின்னுட்டேன் சார்," என்றாள் மேலேயிருந்து. "இப்ப இறங்க மாட்டேங்கு."

"நான் ஆட்டைச் சொன்னேன் மக்ளே!"

"அது எனக்குத் தெரியாதுல்லா சார்."

அதற்குப் பிறகு ராணுவத்தில் எத்தனை மொழியில் உத்தரவு போடுவார்களோ அத்தனை மொழியிலும் அவளை இறங்கச் சொன்னார்கள். அணியின் இன்னொரு பயிற்சியாளர் கேப்டன் ஹர்ஜோத், பஞ்சாபிலிருந்து வந்து, பழைய பள்ளிக்கூடப் புத்தகம் ஒன்றை வைத்துத் தமிழ் படித்தவர். அவர் இரண்டு கைகளையும் விரித்து, "தங்காய், தாமதியாது தரையை அடைவாயாக!" என்றார். கழகத்தின் தலைமை அதிகாரி பிரிகேடியர் சாட்டர்ஜி, தொப்பியைச் சரி செய்துகொண்டு, இதுவரை யாரும் மீறாத தன் தனிக் குரலில் உத்தரவிட்டார். இசக்கி அந்த உயரத்திலேயே விறைப்பாக நின்று அவருக்கு சல்யூட் அடித்தாள். அடித்த வேகத்தில் ஒரு சுற்றுச் சுற்றி வடக்குப் பார்த்து நின்றாள்.

தீயணைப்பு வண்டி வந்தது. ஏணி நீள நீள அவளும் அந்த அளவுக்கு மேலே போனாள், ஏணியை மடக்கியதும் பழைய இடத்துக்கு வந்தாள். கயிறு வீசி எட்டுப் பேர் பிடித்து இழுத்தார்கள். எட்டுப் பேரும் தரையை விட்டுக் கிளம்பி, முழங்கால் உயரம் போனதும் பயந்து கயிற்றை விட்டு ஒருவர்மேல் ஒருவராக விழுந்தார்கள். அதற்குள் மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்துவிட்டதால் எல்லாரும் சாப்பிடப் போனார்கள்.

அப்படித்தான் அது வழக்கமானது. மறுநாள் காலை அணிவகுப்பில் பேர் வாசிக்கும்போது இசக்கியம்மாள் என்றதும் மேலேயிருந்து "யெஸ் சார்!" என்று வந்தது, வாசித்தவர் அடுத்த பேருக்குப் போனார். அவளுடைய அறைத்தோழி அபராஜிதா, ஒடிசாக்காரி, அணியிலேயே கைத்திறமை கூடியவள், ஒரு ட்ரோனில் தூக்குச்சட்டியைக் கட்டி மூன்று வேளையும் சாப்பாடு அனுப்பினாள். ஞாயிற்றுக்கிழமை ஷாம்பு அனுப்பினாள். அணியின் மற்ற ஏழு பேரும் வழக்கம்போலக் குதித்தார்கள். இசக்கியை இடப்பக்கமாகச் சுற்றி வந்தால் வட்டம் நேராகக் கிடைக்கிறது என்று கண்டுபிடித்து, அதற்கு முன் ஒருநாளும் வாங்காத மதிப்பெண்களை வாங்கினார்கள். போட்டிக்கு வந்த வேறொரு கழகத்து அணி, இது அநியாயம், எங்கள் ஊரிலும் இப்படி ஓர் ஆள் தொங்கினால் நாங்களும் வெல்வோம் என்று புகார் செய்துவிட்டுத் தோற்றுப்போனது. அணிநடை வகுப்பில் இசக்கி காற்றிலேயே இடது வலது போட்டாள். எல்லார் மனதிலும் ஒரு கேள்வி இருந்தது, அதை வாய்விட்டுக் கேட்டவர் கேப்டன் ஹர்ஜோத் ஒருவர்தான். "நங்காய், இயற்கையின் அழைப்புக்கு யாது செய்கின்றாய்?"

"அது இங்க வரவே மாட்டேங்கு சார்," என்றாள் அவள். அந்தச் செய்தி கேட்டதும் மைதானத்துக்குப் பக்கத்தில் துணி காயப்போடுகிற பெண்கள் கொடியைப் பழைய இடத்துக்கே மாற்றிக்கொண்டார்கள்.

திசையன்விளைப் பக்கமிருந்து அவள் அம்மா செந்தட்டியம்மாள் பஸ் ஏறி வந்தாள். வேலிக்கு வெளியே நின்று, கையை நெற்றியில் வைத்து, மகளை அண்ணாந்து பார்த்தாள்.

"ஏட்டி, அங்கன என்னட்டி பண்ணுத?"

"சும்மா நிக்கேன் அம்மா."

"ஊருல கேக்காவளே, ஒம் மவ எங்க வேல பாக்கான்னு. நான் என்னன்னுட்டி சொல்ல?"

"மேல இருக்கான்னு சொல்லு."

"அப்படிச் சொன்னா செத்துட்டன்னுல்லா நெனப்பாவ!" என்று திட்டிவிட்டு, கொண்டுவந்த மீன்குழம்பை ட்ரோனில் வைக்கச் சொன்னாள். பாதி வழியில் ஒரு பருந்து அதில் துண்டு எடுத்துக்கொண்டது. பிறகு செந்தட்டியம்மாள் எங்கள் ஊரிலேயே ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்து, வேலியோரம் உட்கார்ந்து மகளோடு கத்திக் கத்திக் கதை பேசினாள். அவர்களுடைய குடும்பத்துச் சண்டை சமாதானம் முழுக்க எங்கள் ஊருக்குப் பாடமானது அப்போதுதான்.

முதலில் ஊருக்கு அவள்மேல் பிரியம் என்றால் அப்படிப் பிரியம். பேரும் இசக்கி அம்மன் பேராகப் போய்விட்டதால் சில பேர் வேலியோரம் எலுமிச்சம்பழம் உருட்டி, பிள்ளைகளுக்கு மொட்டை போட நாள் கேட்டார்கள். அவள், "போய் வேலையப் பாருங்க, எனக்கே நான் எப்ப இறங்குவேன்னு தெரியல," என்று துரத்தினாள். ஆனாலும் மேலேயிருந்து பார்த்தால் எல்லாம் தெரியும் என்பதால் ஊருக்கு உபயோகமாகவே இருந்தாள். பஸ் வருகிறதா என்று சொன்னாள். தொலைந்த எருமை உடைமரக் காட்டுக்குள் நிற்கிறது என்று சொன்னாள். உப்பளத்துக்கு மேலே மேகம் கூடுகிறது, தார்ப்பாயை எடுங்கள் என்று அவள் கத்தி, மாசி மாதத்தில் வராத மழை அன்றைக்கு வந்து, உப்பு தப்பித்தது.

ஆனால் மேலேயிருந்து பார்க்கிற கண்ணுக்கு எருமை எது, மனுஷன் எது என்று பேதம் கிடையாது. கழகத்துச் சமையற்காரர் முட்டைத் தட்டுகளைப் பின்சுவர் வழியாகக் கொடுத்துக்கொண்டிருந்தபோது, "மாஸ்டர், கடைசித் தட்டுல ஒண்ணு ஒழுகுது!" என்று நல்லெண்ணத்தில்தான் கத்தினாள். பனைமரத்து மூட்டுக்குப் பின்னால் சீட்டாடிக்கொண்டிருந்தவர்களிடம், "ஏ நீலச்சட்டை, ஒம்ம சீட்டைப் பக்கத்துல இருக்கவரு பாக்காரு!" என்றாள். தூத்துக்குடிக்கு வேலைக்குப் போகிறேன் என்று புறப்பட்டு ஊருக்குத் தெற்கே புளியமரத்தடியில் படுத்துத் தூங்கிய ஒருவரை, மூஞ்சியில் வெயில் விழுகிறது என்று எழுப்பிவிட்டாள். அவர் பெண்டாட்டியும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். பிரிகேடியர் சாட்டர்ஜி ஒருநாள் வியர்வை துடைக்கத் தொப்பியைக் கழற்றியபோது, "சார், உச்சியில மை அழியுது சார்!" என்று அக்கறையாகச் சொன்னாள். அதுவரைக்கும் பிரிகேடியருக்கு உச்சந்தலையில் முடி இல்லை என்பதும், அந்த இடத்துக்கு அவர் கறுப்பு மை பூசுகிறார் என்பதும் கழகத்தில் யாருக்கும் தெரியாது.

மாசி முடிவதற்குள் ஊரில் எல்லா முற்றத்துக்கும் தென்னங்கீற்று மறைப்பு வந்துவிட்டது. குடை பிடிக்காமல் யாரும் தெருவில் நடப்பதில்லை. எலுமிச்சம்பழம் உருட்டியவர்களே, எப்போது இறங்குவாள் இந்தப் பெண் என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

அவளுக்கும் போதும் போதும் என்றுதான் இருந்தது. "கால் தரையைக் கேக்குது," என்று அம்மாவிடம் கத்தினாள். "உள்ளங்கால்ல எறும்பு ஊருற மாதிரியே இருக்கும்மா. ஒரு மண்ணாங்கட்டிய அனுப்பி வையி." அபராஜிதா தூக்குச்சட்டி நிறையச் செம்மண் அனுப்பினாள். இசக்கி பூட்ஸைக் கழற்றிச் சட்டிக்குள் ஒரு காலை விட்டுக்கொண்டு, கண்ணை மூடி, அன்று முழுக்க யாரையும் காட்டிக்கொடுக்காமல் இருந்தாள்.

எட்வின் செல்லத்துரைக்கு மட்டும் அவள்மேல் கோபம் வரவில்லை. அவர் இளவயதில், காற்றில் இறங்கிக்கொண்டிருக்கும் ஒருவரின் குடைமேல் இன்னொருவர் வந்து, கயிறுகளுக்குள் காலைக் கோர்த்து, ஏணி மாதிரி ஒருவர் கீழ் ஒருவராக இறங்கும் வித்தையில் பேர் போனவர். பிறகு ஒரு தடவை காற்று தப்பி உப்பு லாரியின்மேல் விழுந்து முட்டி உடைந்தது. முட்டி கூடிவிட்டது. ஆனால் அவர் நொண்டுவதை நிறுத்தவில்லை. விமானம் ஏறுகிற நாளெல்லாம் முட்டியைத் தடவிக்கொண்டு தரையில் நின்றுகொள்வார். ஆனாலும் தினமும் விடியற்காலை, யாரும் எழும்புவதற்கு முன்னால், பயிற்சிக் கோபுரத்தில் நொண்டாமல் ஏறி, உச்சியின் விளிம்பில் கட்டைவிரல்களை வைத்து, கீழே பார்த்துவிட்டு, கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு வந்த வழியே இறங்கி வருவார். மேலே இசக்கி எப்போதும் கண்ணை மூடிக்கொண்டு தொங்குவதைப் பார்த்து, நல்லவேளை, தூங்குகிறாள் என்று நினைத்துக்கொள்வார்.

பங்குனியில் பட்டமளிப்பு அணிவகுப்பு வந்தது. இசக்கி உட்படப் பயிற்சி முடித்தவர்கள் தோளில் நட்சத்திரம் குத்திக்கொண்டு அதிகாரிகளாகிற நாள். டெல்லியிலிருந்து ஒரு ஜெனரல் ஹெலிகாப்டரில் வந்து மைதானத்தின் நடுவில் இறங்குவதாக ஏற்பாடு. நடுவில்தான் இசக்கி தொங்கினாள்.

அன்று காலை பிரிகேடியர் சாட்டர்ஜி, குறி தப்பாத ஒரு துப்பாக்கிக்காரரை மைதானத்துக்கு வரவழைத்தார். "குடையில் இரண்டே இரண்டு ஓட்டை," என்றார். "சைக்கிள் ட்யூப் மாதிரி காற்று மெல்லப் போகும். மெல்ல வந்து சேர்வாள்."

"சார், அது ட்யூப் இல்ல," என்றார் எட்வின். "ஓட்டை விழுந்தா குடை சுருண்டு, பிள்ள பழுத்த பனம்பழம் மாதிரி வந்து விழும்."

"வேறு வழி இருக்கிறதா, சுபேதார் சாப்?"

"நான் போய்க் கூட்டிட்டு வாரேன்," என்று எட்வினின் வாய் சொன்னது. மூளைக்குச் செய்தி போய்ச் சேர்ந்தபோது சுற்றி நின்றவர்கள் எல்லாரும் அவருடைய முட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஜெனரல் வருவதற்குள் முடிய வேண்டும்," என்றார் பிரிகேடியர். துப்பாக்கிக்காரர் தரையில் படுத்து, எதற்கும் இருக்கட்டும் என்று குறி பார்த்துக்கொண்டே இருந்தார்.

விமானம் மேலே போனது. கதவு திறந்தது. எட்வின் கதவின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மாதாவே, யேசுவே, எளவெடுத்த ஆடே என்று வரிசையாகக் கூப்பிட்டுக்கொண்டு, ஒரு சுற்று முடிந்தும் நின்றார், இரண்டாம் சுற்று முடிந்தும் நின்றார். பின்னால் நின்ற கேப்டன் ஹர்ஜோத் பணிவாகக் குனிந்து அவர் காதில் கேட்டார்: "ஐயா, தாங்களே குதிக்கின்றீர்களா, அன்றி அடியேன் தள்ளுவதா?"

"தள்ளினா உம்ம கொன்னுருவேன்," என்று திரும்பிச் சொல்வதற்காகக் கையை எடுத்தார். எடுத்த கை மறுபடி விளிம்பைத் தேடவில்லை. அவரே போய்விட்டார்.

கீழே அணிவகுப்புக்கு நின்ற கேடட்கள், பேண்டு வாத்தியக்காரர்கள், வந்திருந்த பெற்றோர்கள், வேலிக்கு வெளியே குடை பிடித்த எங்கள் ஊர் மொத்தமும் அண்ணாந்து பார்த்தோம். வெள்ளைக் குடை ஒன்று விரிந்து, தள்ளாடி, ஒருதரம் கடல் பக்கம் போய், மனம் மாறித் திரும்பி வந்து, இசக்கியின் ஆரஞ்சுக் குடைக்கு மேலே மெல்ல மெல்லச் சேர்ந்தது. எட்வின் காலை நீட்டிக் கயிறுகளுக்குள் கோர்த்தார். செந்தட்டியம்மாள் பெருமூச்சு விட்டாள். எல்லாரும் கைதட்டினார்கள். இரண்டு குடையும் அப்படியே நின்றன.

"போச்சு," என்றார் பிரிகேடியர். "இப்போது இரண்டு பேர்."

எட்வின் கழுத்திலிருந்து மெகாபோனைக் கழற்ற மறந்திருந்தார். தோள்பட்டை வார் அதன் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தது. அதனால் அவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டது மைதானம் முழுக்கக் கேட்டது. அவர்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் அது தெரியாது.

"முட்டி வலிக்கா சார்?"

"முட்டிக்கு ஒண்ணும் இல்ல மக்ளே. எப்பவுமே ஒண்ணும் இல்ல. பயமாக்கும்."

"தெரியும் சார்."

"எப்படித் தெரியும்?"

"காலைல டவர்ல ஏறி ஏறி இறங்குதீங்கல்லா."



"நீ ஒறங்குதன்னுல்லா நெனச்சேன்."

"கண்ண மூடிக்கிடுவேன் சார்."

"ஊருல உள்ளவன் மானத்தையெல்லாம் கப்பலேத்தினியே, என்னைய மட்டும் ஏன் பிள்ள விட்ட?"

"சொல்லியிருந்தா நீங்க ஏறுறத நிறுத்தியிருப்பீங்க சார்."

கீழே யாரும் சிரிக்கவில்லை. படுத்திருந்த துப்பாக்கிக்காரர் எழுந்து முழங்கால் மண்ணைத் தட்டிக்கொண்டு, பிரிகேடியரின் முகத்தைப் பார்க்காமல், துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டார். மேலே எட்வின் அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியாத ஒரு சத்தம் வந்தது. குடைகள் இரண்டும் குலுங்கின. அப்போதுதான் முதலில் அபராஜிதா கத்தினாள், நகருகிறார்கள், நகருகிறார்கள் என்று.

நகர்ந்தார்கள். ஆனால் வட்டத்தை நோக்கி இல்லை. இரண்டு மாதமாகக் காணாமல் போயிருந்த காற்று தெற்கேயிருந்து எழும்பி, இரண்டு குடைகளையும் சேர்த்துத் தூக்கி, மேடைக்கு மேலே, வேலிக்கு மேலே, எங்கள் ஊர்க் கீற்று மறைப்புகளுக்கு மேலே, கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்த்திக்கொண்டே கொண்டுபோனது. முதலில் செந்தட்டியம்மாள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினாள். பின்னால் அபராஜிதா வரிசையை விட்டு ஓடினாள். ஒரு கேடட் வரிசையை விட்டு ஓடினால் குற்றம். மொத்த வரிசையும் ஓடினால் அதற்கு என்ன பேர் என்று யோசித்தபடி பிரிகேடியரும் ஓடினார். முதல் திருப்பத்திலேயே அவர் தொப்பி பறந்தது, அவர் திரும்பிப் பார்க்கவில்லை. முட்டை மாஸ்டர் ஓடினார், நீலச்சட்டை ஓடினார், புளியமரத்தடிக்காரரும் அவர் பெண்டாட்டியும் ஜோடியாக ஓடினார்கள். இத்தனை நாளும் இவள் எப்போது இறங்குவாள் என்று பல்லைக் கடித்தவர்கள் அத்தனை பேரும், "பாத்து பிள்ள! கரண்டுக் கம்பி பிள்ள! காலத் தூக்கு பிள்ள!" என்று கத்திக்கொண்டு புழுதி பறக்க ஓடினோம். அந்த நேரம் பார்த்து ஹெலிகாப்டர் மைதானத்தின் நடுவில் வந்து இறங்கியது. பேண்டு வாத்தியக்காரர்கள் மட்டும், வேறு உத்தரவு இல்லாததால், வரவேற்பு இசையை வாசித்தார்கள்.

இசக்கி உப்பளத்தில் இறங்கினாள். கணுக்கால் அளவு உப்புத் தண்ணீரும் அடியில் வெள்ளை வெளேரென்று விளைந்த உப்பும் இருந்த பாத்தியில், வெறுங்காலோடு வந்து நின்றாள். நின்ற வேகத்தில், கால்கள் வேலையை மறந்திருந்ததால், தொப்பென்று உட்கார்ந்தாள். எட்வின் செல்லத்துரை அவளுக்கு அடுத்த பாத்தியில் இறங்கி, இரண்டு காலிலும் நேராக நின்று, தன் முட்டிகளைக் குனிந்து பார்த்தார். ஆரஞ்சும் வெள்ளையுமாக இரண்டு குடைகளும் நாலைந்து பாத்திகளை மூடிக்கொண்டு படிந்தன. இசக்கி இரண்டு கையாலும் ஈர உப்பை அள்ளி உள்ளங்காலில் தேய்த்துக்கொண்டு, "அம்மா, எரியுது! அம்மா, எரியுது!" என்று கத்தினாள், கல்யாண வீட்டில் கூப்பிடுகிற மாதிரி.

ராணுவம் வரப்புக்கு வந்து சேர்ந்தது. முதல் பூட்ஸ் பாத்திக்குள் இறங்கப்போன நேரத்தில் குறுக்கே உப்பு வாரும் பலகை ஒன்று நீண்டது. மாடத்தி என்று பேர், அந்த அளத்தில் உப்பு வாருகிறவள், அந்தக் காலையில் அவள் வாரி முடிக்க வேண்டிய பாத்திகள் அவை.

"செருப்போட ஒருத்தரும் எறங்கக் கூடாது," என்றாள். "ஒங்க பெண்ணு வானத்துல இருந்து வந்தா என்ன, பஸ்ஸுல இருந்து வந்தா என்ன. இது திங்கிற உப்பு."

கண்ணாடி மாதிரி மெருகேற்றிய பூட்ஸ்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன. வரப்பு நெடுக ஜோடி ஜோடியாகப் பூட்ஸ் நின்றது. பிரிகேடியர் சாட்டர்ஜி கால்சட்டையை முழங்காலுக்கு மடித்து, உச்சி மை நெற்றியில் ஒழுக, உப்புத் தண்ணீருக்குள் நடந்து போய், இசக்கியைக் கைகொடுத்து எழுப்பி, ஒரு தோளில் நட்சத்திரம் குத்தினார். இன்னொரு தோளுக்கு உரியதைச் செந்தட்டியம்மாளிடம் கொடுத்தார். அவள் அழுத்திய வேகத்தில் ஊசி மகள் தோளில் ஏறிவிட்டது. "எம்மா!" என்றாள் லெப்டினன்ட் இசக்கியம்மாள். மற்றவர்களுக்கும் அங்கேயே, வரிசை நிற்பதற்கு வரப்பு போதாததால் இரண்டு பாத்திகளிலாக நிற்க வைத்து, நட்சத்திரம் குத்தப்பட்டது. சட்டப்படி இது செல்லுமா என்று யாரோ கேட்டார்கள், அதற்குள் கடைசி நட்சத்திரமும் ஏறிவிட்டது.

எல்லாம் முடிந்து கைதட்டியபோது மாடத்தி தட்டவில்லை. கலங்கிக் கிடந்த பாத்திகளைச் சுற்றிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"தட்டுனது போதும்," என்றாள். "மிதிச்சவங்கதான வாரணும்?"

கொட்டகையிலிருந்து பலகைகள் வந்தன. பிரிகேடியர் ஒன்று எடுத்தார். எட்வின் ஒன்று எடுத்தார். இசக்கி, அம்மா வேண்டாம் வேண்டாம் என்று இழுத்தும் கேளாமல், பாத்தியை விட்டு ஏற மனமில்லாமல், நடுவில் நின்று வாரினாள். புது அதிகாரிகளும் எங்கள் ஊர்க்காரர்களும் கலந்து நின்று, உப்பை இழுத்து இழுத்து வரப்பில் குவித்தார்கள்.

அப்போது ஜீப்பில் ஜெனரல் வந்து இறங்கினார். மார்பு நிறையப் பதக்கங்களோடு வரப்பின் முனையில் நின்று, நடப்பதைப் பார்த்தார். மாடத்தி அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, விமானத்திலிருந்து அப்போதுதான் வந்து சேர்ந்திருந்த கேப்டன் ஹர்ஜோத்திடம், "அந்தா நிக்கவரு சும்மாதான நிக்காரு, அவரு கையிலயும் ஒண்ணக் குடும்," என்றாள்.

அவள் என்ன சொல்கிறாள் என்று ஜெனரல் கேட்டார். கேப்டன் மொழிபெயர்த்துச் சொன்னார். ஜெனரல் ஒரு காலைத் தூக்கி, ஜீப்பில் சாய்ந்துகொண்டு, பூட்ஸ் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார்.